உஷார்! இடுப்பில் செராமிக் மூட்டு இருக்கிறதா?

மஸ்கெலியா, சாமிமலை, நல்லதண்ணிப் பக்கம் இளவயதிலேயே இடுப்பு மூட்டு மாற்றியவர் உங்கள் வீட்டில் உண்டா? அவருடைய கிளினிக் கொப்பியை இப்போதே எடுத்துப் பாருங்கள். உள்ளே வைத்த மூட்டின் கம்பனி, அளவு, இலக்கம் அச்சிட்ட ஸ்டிக்கரோ அட்டையோ இருக்கிறதா? இல்லையென்றால் மேற்கொண்டு கட்டாயம் வாசியுங்கள்.

20, 30 வயதில் மூட்டு மாற்றுகிறவர்களில் பலருக்கு இரத்த ஓட்டம் நின்று தொடையெலும்பின் தலை செத்துப்போயிருக்கும். விழுந்து முறிந்தது, நெடுநாள் ஸ்டீராய்ட், மிதமிஞ்சிய குடி எல்லாம் அதற்குக் காரணம். இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் மலை ஏறி இறங்க வேண்டியவர்கள் என்பதால், மிகக் குறைவாகத் தேயும் செராமிக்கை டாக்டர்கள் தேர்வது நியாயந்தான். இன்றைய செராமிக் உடைவதும் மிக அரிது. ஆகவே ஒப்பரேஷனுக்குப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டாம்.

ஆபத்து, உடைந்த பிறகு செய்யும் தவறில் இருக்கிறது. விழுந்த பீங்கான் கோப்பை மாதிரி அது நொறுங்கிச் சிதறும். தசைக்குள் புகுந்த தூளை எந்தச் சத்திரசிகிச்சை நிபுணராலும் முழுதாக வழித்தெடுக்க முடியாது. அங்கே உலோகப் பந்தைப் பொருத்தினால், மிச்சத் தூள் அதை அரைத்தரைத்து கோபால்ட்டை இரத்தத்தில் கலக்கும். ஜெர்மனியின் மார்புர்க் மருத்துவமனைக்கு 2012இல் வந்த 55 வயதுக்காரருக்கு நடந்தது இதுதான். இதயம் செயலிழந்து, பார்வையும் காதும் கிட்டத்தட்டப் போயிருந்தன. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ‘ஹவுஸ்’ தொலைக்காட்சித் தொடரில் இதே போன்ற கதையைப் பார்த்திருந்த டாக்டர்தான் இடுப்பைச் சந்தேகித்தார்! மறுபடி செராமிக் வைத்ததும் இதயம் ஓரளவு தேறியது. பார்வையும் காதும் திரும்பியது சொற்பமே.

ஆகவே இடுப்பில் திடீரென்று ‘டக்’ என்று சத்தம் கேட்டு வலித்தால், காலை ஊன்ற வேண்டாம். எண்ணெய் போட்டு நீவவே வேண்டாம். நடக்கும்போது கீச்சுச் சத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. கூடவே வலியும் வந்தால் எக்ஸ்ரே அவசியம். மஸ்கெலியாவோ டிக்கோயாவோ, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் “உள்ளே இருப்பது செராமிக்” என்பதை முதலில் சொல்லுங்கள். மறு ஒப்பரேஷன் என்றால், உலோகப் பந்து வைக்கப் போகிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அட்டை எதற்கு என்கிறீர்களா? 2010இல் திரும்பப் பெறப்பட்ட ஏ.எஸ்.ஆர். உலோக மூட்டை இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு வைத்திருந்தார்கள். பின்னர் தேடியபோது பெரும்பாலானவர்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எச்சரிக்கை போய்ச் சேர விலாசமே இல்லை!

லயத்தில் தீப்பிடித்தால் காகிதம் மிஞ்சாது. அட்டையைப் போனில் படமெடுத்து, கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். அட்டையே தரப்படவில்லையா? ஒப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் விவரத்தைக் கேட்டு, கொப்பியில் எழுதி வாங்காமல் திரும்பாதீர்கள்.