ஸ்கூல்ல நான்தான் சார் ஃபர்ஸ்ட்!

பல வருஷ இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் ஓட நினைப்பவர்களுக்கு...

“ஸ்கூல்ல 1500 மீட்டர்ல நான்தான் சார் ஃபர்ஸ்ட்! டிஸ்ட்ரிக்ட் லெவல் வரைக்கும் போயிருக்கேன்...”

நாற்பதைத் தாண்டிய பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பீரோ மேல்தட்டில் இருக்கும் கப்பும் சர்டிஃபிகேட்டும் அதற்குச் சாட்சி! அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைகள், வீட்டு லோன்... ஓட்டம் எப்போது நின்றது என்பதே ஞாபகம் இருக்காது. ஒருநாள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் உடம்பை அசைங்க” என்கிறார் டாக்டர். சாயங்காலமே புது ஷூ. மறுநாள் விடிகாலை மைதானத்தில் நாலு ரவுண்டு. முதல் பத்து நாள் பிரமாதமாகப் போகும். மூன்றாவது வாரம் குதிகாலைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவார்.

“வயசாயிடுச்சு. இனிமே நமக்கெல்லாம் எங்கே!”

இந்த முடிவுக்கு வருவதுதான் தப்பு. பெரும்பாலும் வயது அல்ல, அவசரம்தான் அவரை உட்கார வைக்கிறது.

ஐந்து பேர் சொன்ன பாடம்

1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு பரிசோதனை நடந்தது. ஆரோக்கியமான, 20 வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் படுக்க வைத்தார்கள். உழைக்கும்போது ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் அவர்களுக்கு மளமளவென்று சரிந்தது.

30 வருஷம் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரையும் மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். இப்போது அவர்களுக்கு வயது 50. சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. உடம்பின் கொழுப்பு இரண்டு மடங்கு. ஆனாலும் ஓர் ஆச்சரியம்! 30 வருஷ முதுமை செய்த நஷ்டத்தைவிட, இளமையில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தபோது ஏற்பட்ட நஷ்டமே அதிகமாக இருந்தது.

பிறகு ஆறு மாதம் நடை, மெது ஓட்டம், உடற்பயிற்சி சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியின் முடிவில் அவர்களுடைய ஆக்ஸிஜன் திறன், 20 வயதில் முதல் சோதனையின்போது இருந்த அளவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால், அந்த இளவயதில் கடுமையாகப் பயிற்சி செய்து எட்டிய உச்சத்தை 50 வயதில் எட்ட முடியவில்லை. எடையும் கொஞ்சம்தான் குறைந்தது.

ஆக, இழந்ததில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். ஆனால், வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில்.

72 வயதில் மாரத்தான்!

எட் விட்லாக் 1931-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். மாணவப் பருவத்தில் நல்ல ஓட்டக்காரர். சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு வேலைக்காகக் கனடா போனார். அங்கே ஓட்டம் நின்றுபோனது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார். 2003-ல், 72 வயதில், டொரன்டோ மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை 2 மணி 59 நிமிடம் 10 விநாடியில் ஓடி முடித்தார். எழுபதைத் தாண்டிய ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடியது அதுதான் முதல் தடவை. 85 வயதிலும், 2016-ல், நான்கு மணி நேரத்துக்குள் ஓடினார். அடுத்த வருஷம் காலமானார்.

அவருடைய பயிற்சியில் பகட்டு எதுவும் கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லறைத் தோட்டத்தின் பாதையில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடுவார். அவ்வளவுதான். முட்டி தகராறு செய்தபோது நீண்ட நாள் ஓய்வெடுத்தார்.

மூச்சு முந்தும்... கால் பிந்தும்!

நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் திரும்பி வருவதில்லை.

பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் திரவ அளவு கூடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் அதிக ரத்தத்தை அனுப்புகிறது. மூச்சிரைப்பு குறைகிறது. “அட, பழையபடி வந்துட்டேனே!” என்று தோன்றும். தசையும் ஓரளவு சீக்கிரமே தேறிவிடும். ஆனால், தசையை எலும்போடு கட்டும் நாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை உரமேற மாதங்கள் ஆகும். எலும்போ, புது பாரம் விழுந்தால் முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. இந்த மராமத்து வேலை முடிய மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். நடுவில் சில வாரம் எலும்பு கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும்.

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அரை மணி நேரத்தில் நாலாயிரம் அடிகளுக்கு மேல்! பள்ளியில் ஓடியபோது 50 கிலோ, இன்று 75 கிலோ என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முதல்முறை ஓடுகிறவருக்குப் பயம் இருக்கும், மெதுவாகப் போவார். பழைய ஓட்டக்காரருக்கு வேகம் ஞாபகம் இருக்கிறது. ஆபத்தே அங்கேதான்!

எப்படி ஆரம்பிக்கலாம்?

1972 ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலவே, ஓட்டத்துக்கு நடுநடுவே நடக்கும் முறையைப் பல்லாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். திரும்பி வருகிறவர்களுக்கு ஏற்ற வழி இது.

* முதல் இரண்டு வாரம்: வெறும் நடை. தினம் 30 நிமிடம், வேகமாக.

* அடுத்த இரண்டு வாரம்: ஒரு நிமிடம் மெது ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. வாரத்துக்கு மூன்று நாள்தான், ஒருநாள் விட்டு ஒருநாள்.

* பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி, நடையைக் குறையுங்கள். மூன்று மாதத்தில் 20 நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தால் போதும்.

* ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லையா? வேகம் அதிகம்!

* ஓடாத நாட்களில் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் நல்லது. நாணுக்கும் தசைக்கும் இது உரம்.

அதிகாலைதான் நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற நேரம். வெயிலுக்கு உடம்பு பழக பத்துப் பதினைந்து நாள் ஆகும். சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டாக்டர்!

இந்தியர்களுக்கு மாரடைப்பு மற்ற பலரைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது. அதனால் நாற்பதைத் தாண்டியவர்கள், பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுவயதிலேயே இதய நோய் வந்தவர்கள், டாக்டரைப் பார்த்த பிறகே ஷூ மாட்ட வேண்டும். இ.சி.ஜி.யா, டிரெட்மில் டெஸ்ட்டா என்பதை அவர் முடிவு செய்வார். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சுத் திணறல் வந்தால், “கேஸ் டிரபிள்தான்” என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஓட ஆரம்பித்தும் களைப்பு தீரவில்லை என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதமாவது ஓட்டம் வேண்டாம். ஓடும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியால் பலருக்கு இது சரியாகிறது.

முட்டி தேஞ்சு போயிடுமா?

வீட்டில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது! 2017-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், இடுப்பு, முட்டித் தேய்மானம் ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10 சதவிகிதம் பேருக்கு இருந்தது. ஆரோக்கியத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவிகிதம் பேருக்குத்தான் இருந்தது. தேய்மானம் அதிகம் காணப்பட்டது போட்டிக்காகவே ஓடியவர்களிடம், 13 சதவிகிதம். அளவோடு ஓடுகிறவர் முட்டிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே முட்டி வலி இருப்பவர்கள் மட்டும் எலும்பு டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.

ஓடிய மறுநாள் தசையெல்லாம் பொதுவாக வலிப்பது சகஜம்தான். ஆனால், ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்தாலோ, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீரென்றாலோ, ஓட்டத்தை நிறுத்தி நடைக்குத் திரும்புங்கள். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

முதல் மூன்று மாதம் ஸ்டாப் வாட்ச் வேண்டவே வேண்டாம். ஒரு நோட்டில் தேதியையும், எத்தனை நிமிடம் ஓடினீர்கள் என்பதையும், எங்கே வலித்தது என்பதையும் மட்டும் எழுதி வாருங்கள். பழைய டைமிங்கோடு ஒப்பிடாமல், போன மாதத்துப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னேற்றம் உங்களுக்கே தெரியும்!