கன்சோல் விலை ஏன் இறங்க மறுக்கிறது?

2025 ஏப்ரல் 2 காலையில் நின்டெண்டோ தன் புதிய ‘ஸ்விட்ச் 2’ கேம் கன்சோலின் விவரங்களை வெளியிட்டது. அமெரிக்க விலை 449.99 டாலர், முன்பதிவு ஏப்ரல் 9-இல் தொடங்கும் என்றது. அன்று மாலையே வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் அதிபர் டிரம்ப் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். எந்த நாட்டுச் சரக்குக்கு எவ்வளவு இறக்குமதி வரி என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. வியட்நாமுக்கு நேரே 46 சதவீதம். ஸ்விட்ச் 2 தயாராகும் முக்கியமான இடங்களில் ஒன்று வியட்நாம். இரண்டு நாள் கழித்து, அமெரிக்காவுக்கான முன்பதிவைத் தள்ளிவைப்பதாக நின்டெண்டோ அறிவித்தது.

இதில் ஒரு முன்கதை உண்டு. 2018-இல் அமெரிக்கா இறக்குமதி செய்த கன்சோல்களில் 96 சதவீதம் சீனாவிலிருந்து வந்தவை. சீனப் பொருள்களுக்கு 25 சதவீத வரி வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், சந்தையில் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றும் 2019 ஜூனில் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்துக்கு அனுப்பின. கன்சோல்களுக்கு விலக்கு வேண்டும் என்பது கோரிக்கை. கடிதத்தோடு நிற்காமல் நின்டெண்டோ தன் உற்பத்தியில் ஒரு பகுதியை வியட்நாமுக்கு மாற்றத் தொடங்கியது. கடைசியில் அந்த வரி வரவே இல்லை. அமெரிக்காவும் சீனாவும் அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்டன. ஆறு ஆண்டு கழித்து வந்த அட்டையிலோ சீனாவுக்கு 34, வியட்நாமுக்கு 46. சீனா மீது ஏற்கெனவே இருந்த 20-ஐக் கூட்டினால் அதன் சுமைதான் பெரிது என்றாலும், பாதுகாப்பான இடம் என்று நம்பிப் போன இடத்திலேயே அடி விழுந்தது.

வரி எப்படி விலையாகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறக்குமதி வரியைக் கட்டுவது பொருளை அனுப்பும் நாடு அல்ல. துறைமுகத்தில் சரக்கை இறக்கும் உள்நாட்டு நிறுவனம் கட்டுகிறது. இங்கே அது நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை. வரி விழுவது கடை விலை மீதும் அல்ல, சுங்கத்தில் காட்டும் மதிப்பின் மீது. ஒரு பேச்சுக்கு அது 350 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 46 சதவீதம் என்றால் 161 டாலர் கூடுகிறது. ஏப்ரல் 9 அன்று வரியை 90 நாள்களுக்கு நிறுத்திவைத்து 10 சதவீதமாக்கினார்கள்: 35 டாலர். ஜூலையில் வியட்நாமோடு பேசி 20 சதவீதம் என்றார்கள்: 70 டாலர். நாலு மாதத்துக்குள் ஒரே பெட்டிக்கு மூன்று கணக்கு. இன்னொரு பக்கம் சீனப் பொருள்களுக்கான வரி அதே ஏப்ரலில் 145 சதவீதம் வரை ஏறி, மே மாதம் சடசடவென்று இறங்கியது.

செல்பேசி நிறுவனம் ஆண்டுக்கு ஒரு புது மாடல் விட்டுப் புது விலை வைக்கும். கன்சோல் ஆறு ஏழு ஆண்டு ஒரே மாடலாக ஓடுவது. பெட்டியை அசல் விலைக்கோ அதற்குக் கீழேயோ தள்ளிவிட்டு, விளையாட்டுகளிலும் சந்தாவிலும் லாபம் பார்ப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் வரியின் அளவைவிட அதன் நிலையின்மைதான் அதிகம் படுத்துகிறது என்பது என் கணிப்பு. நிலையான 20 சதவீதத்துக்கு ஆலையின் இடத்தை முடிவு செய்யலாம், விலை நிர்ணயிக்கலாம். அடுத்த வாரம் மாறக்கூடிய 20 சதவீதத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. நின்டெண்டோ ஏப்ரல் 24-இல் முன்பதிவைத் தொடங்கியபோது கன்சோல் விலையைத் தொடவில்லை; கூடுதல் கன்ட்ரோலர் போன்ற துணைச் சாமான்களின் விலையை ஏற்றிக்கொண்டது. ஜூன் 5-இல் விற்பனைக்கு வந்து நாலே நாளில் உலகெங்கும் 35 லட்சம் பெட்டிகள் போயின.

இதே ஏப்ரலில் இன்னொரு கூத்தும் நடந்தது. 11-ஆம் தேதி மடிக்கணினி, ஸ்மார்ட்ஃபோன், சிப் போன்றவற்றுக்குப் புதிய வரியிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். கன்சோலுக்கு இல்லை. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அதே சாமான்: புராசசர், மெமரி, சேமிப்பகம். ஆனால் உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சுங்கப் பட்டியலில் கணினி 84-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது, தொலைபேசி 85-இல். கன்சோல் இருப்பது 95-இல், பொம்மைகளோடும் விளையாட்டுச் சாமான்களோடும்.

இந்த அத்தியாயச் சண்டை புதிதல்ல. 2000-இல் பிளேஸ்டேஷன் 2 ஐரோப்பாவுக்கு வந்தபோது, பெட்டியோடு வந்த இலவச டிஸ்க்கில் ‘யாபேசிக்’ என்ற நிரல் எழுதும் மென்பொருளும் இருந்தது. விளையாட வாங்கிய பிள்ளைகள் அதைத் தொட்டார்களோ இல்லையோ, இது விளையாட்டுப் பெட்டி அல்ல, நிரல் எழுதக்கூடிய கணினி என்று சுங்கத்திடம் வாதாடத்தான் சோனி அதைச் சேர்த்தது என்பது பரவலான பேச்சு. விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2003-இல் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் வரியோ செலாவணியோ சற்றுத் தகராறு செய்தாலும் வாங்குகிறவர் கையைக் கடிக்காமல் இருந்ததற்கு வேறு காரணம் இருந்தது. அது சிப்புக்குள் இருந்தது.

சிப்புகள் தனித்தனியாகத் தயாராவதில்லை. வட்டமான ஒரு சிலிக்கான் தகட்டின் மேல் நூற்றுக்கணக்கில் ஒன்றாக அச்சாகின்றன. ஆலையின் செலவும் கட்டணமும் தகட்டுக்குத்தான். ஆகவே அதே சிப்பை அடுத்த தலைமுறை நுட்பத்தில் பாதிப் பரப்பில் வரைந்துவிட்டால், ஒரு தகட்டில் இரண்டு மடங்கு கிடைக்கும். ஆதாயம் அதற்கு மேலும் உண்டு. தகட்டில் ஒரு தூசு விழுந்து கெடுத்தால் போவது ஒரு சிப். சிப் சிறியதாக இருந்தால் நட்டமும் சிறிது. சின்னச் சிப் குறைவாக மின்சாரம் பிடிக்கும், குறைவாகச் சுடும். அதனால் மின்வழங்கி சிறுக்கும், விசிறி சிறுக்கும், பெட்டி சிறுக்கும், ஒரு கப்பலில் ஏற்றும் எண்ணிக்கை கூடும்.

பிளேஸ்டேஷன் 2-இன் முதல் வடிவமைப்பில் இரண்டு பெரிய சிப்புகள் சேர்ந்து ஏறத்தாழ 500 சதுர மில்லிமீட்டர் பிடித்தன. 2003 வாக்கில் 90 நானோமீட்டர் நுட்பத்தில் இரண்டையும் ஒன்றாக்கி 86 சதுர மில்லிமீட்டரில் அடக்கிவிட்டார்கள். கடை விலையும் அந்த வழியிலேயே இறங்கியது: 2000-இல் 299 டாலர், 2002-இல் 199, 2009-இல் 99. உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றதில் இந்த இறக்கத்துக்குப் பெரிய பங்கு. ‘இப்போது வாங்காதே, ரெண்டு வருஷம் பொறு’ என்பது கன்சோல் வாங்குகிறவர்களுக்கு அப்போது நல்ல புத்திமதி.

அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. டிரான்சிஸ்டர் இன்னும் சிறுத்துக்கொண்டுதான் வருகிறது. ஆனால் அதைச் சிறுக்க வைக்கும் நுட்பத்தில் தகட்டின் விலை கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஏறுகிறது. சிப்புக்குள் இருக்கும் எஸ்ரேம் நினைவகம் 5 நானோமீட்டருக்குப் பிறகு சுருங்கவே அடம்பிடிக்கிறது. 2013-இன் எக்ஸ்பாக்ஸ் ஒன், 2020-இன் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டின் முதன்மைச் சிப்பும் ஏறத்தாழ 360 சதுர மில்லிமீட்டர்தான். டிரான்சிஸ்டர் எண்ணிக்கை 500 கோடியிலிருந்து 1,530 கோடியானது. அதே பரப்புக்குச் செலவும் கூடிவிட்டது. பிளேஸ்டேஷன் 5-இன் சிப் 7 நானோமீட்டரிலிருந்து 6-க்கு மாறியது, கொஞ்சம் சிறுத்தது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் அவற்றின் விலையும் எகிறியது.

முன்பு வரி பத்து சதவீதம் ஏறினால், தயாரிப்புச் செலவில் அடுத்த ஆண்டு வரும் இறக்கம் அதை விழுங்கிவிடும். அப்படி விழுங்கும் இறக்கம் இப்போது இல்லாததால் அரசியல் நேராக விலைச் சீட்டில் வந்து உட்காருகிறது. 2025 மே 1-இல் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499.99-இலிருந்து 599.99 டாலரானது, அக்டோபரில் 649.99. ஆகஸ்டில், 2017-இல் வந்த பழைய ஸ்விட்சின் விலையைக்கூட 299.99-இலிருந்து 339.99 ஆக்கினார்கள். அதே மாதம் 21-ஆம் தேதி பிளேஸ்டேஷன் 5-இன் விலை 50 டாலர் ஏறி 549.99 ஆனது. சந்தைக்கு வந்து ஐந்தாம் ஆண்டில் ஒரு கன்சோல் அறிமுக விலையைவிட அதிகமாக விற்றது! பிளேஸ்டேஷன் 2 அதே வயதில் பாதி விலைக்கு வந்திருந்தது.

வரி போட்ட நாட்டில் மட்டும் விலை ஏறும் என்றும் நினைக்கக் கூடாது. அந்த ஏப்ரலில் சோனி முதலில் ஏற்றியது பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும். மைக்ரோசாஃப்டின் மே மாத ஏற்றமும் உலகம் தழுவியது. பணவீக்கம், செலாவணி, சந்தை நிலவரம் என்று பொதுவாகக் காரணம் சொன்னார்கள். வரிகளால் அந்த நிதியாண்டில் 10,000 கோடி யென் அளவுக்குப் பாதிப்பு இருக்கும் என்று சோனி குழுமம் மே மாதத்தில் மதிப்பிட்டிருந்தது. ஓரிடத்து நட்டத்தை எல்லாச் சந்தைகளிலும் பரப்பிவிடுவது எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் கைவந்த வேலை. ஜப்பானில் மட்டும் நிலைமை தலைகீழ். யென் சரிந்து கிடந்ததால், ஸ்விட்ச் 2-ஐ 49,980 யென்னுக்கு, ஏறத்தாழ 330 டாலருக்கு, விற்றார்கள். அதை அள்ளி வெளிநாட்டில் விற்றுவிடாமல் இருக்க அந்தப் பெட்டி ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். எல்லா மொழிக்கும் ஆன பெட்டி வேண்டுமென்றால் 69,980 யென்.

வரிச்சுவர் நிரந்தரமாக நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கப் பிரேசிலுக்குப் போக வேண்டும். 2013-இல் அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, அங்கே 3,999 ரெயால். அன்றைய மாற்று விகிதத்தில் 1,800 டாலருக்கும் மேல். ஊரே கொதித்ததும், அதில் 63 சதவீதம் வரிகளே என்று சோனி கணக்கு வெளியிட்டது. இரண்டே வழி: எல்லை தாண்டிப் பராகுவேயின் சியுடாட் டெல் எஸ்டேயில் வாங்கி, பாலத்தைக் கடந்து கமுக்கமாகக் கொண்டுவருவது; அல்லது உள்நாட்டிலேயே பூட்டுவது. இரண்டாவதற்கு ஓர் இடம் இருக்கிறது: மனாஸ், அமேசான் காட்டின் நடுவில் ஒரு நகரம். 1967 முதல் அங்கே வரிச்சலுகை மண்டலம். ஆசியாவிலிருந்து உதிரிப் பாகங்கள் கடல் கடந்து, பிறகு அமேசான் ஆற்றில் ஏறி மனாஸுக்குப் போகும். பூட்டிய பெட்டிகள் மறுபடி தெற்கே, நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 2,700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாவோ பாலோவின் கடைகளுக்கு வரும். பொருளாதாரக் கணக்கில் இது கிறுக்குத்தனமான சுற்று. வரிக் கணக்கில் நியாயம்.

டெக்டாய் என்ற பிரேசில் நிறுவனம் 1989-இல் சேகா நிறுவனத்தின் ‘மாஸ்டர் சிஸ்டம்’ கன்சோலை உள்நாட்டில் தயாரித்து விற்கத் தொடங்கியது. மற்ற நாடுகள் அந்தக் கன்சோலை மறந்த பிறகும் பிரேசிலில் புதுப் புதுப் பதிப்பாகப் பல பத்தாண்டுகள் அது விற்றது. அங்கே மிகவும் பிரபலமான ‘மோனிகா’ சித்திரக்கதைப் பாத்திரங்களை ஒரு ஜப்பானிய விளையாட்டில் புகுத்தித் தனிப் பதிப்பே போட்டார்கள். வரிச்சுவர் ஓர் உள்ளூர்ப் பண்பாட்டை வளர்த்தது உண்மை. ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பழைய சிப்போடு கட்டிப்போட்டதும் உண்மை. நின்டெண்டோ அதிக வரியைக் காரணம் காட்டி 2015 ஜனவரியில் பிரேசிலில் விநியோகத்தை நிறுத்தியது. 2020-இல்தான் திரும்பி வந்தது.

போரும் இந்தக் கணக்கில் வருகிறது, எதிர்பாராத வழியில். சிப்பில் மின்சுற்றை வரையும் லேசர்களில் பெரும்பங்கு வாயு நியான். அது காற்றிலேயே இருக்கிறது, பத்து லட்சத்தில் 18 பங்கு. உருக்காலைகள் ஆக்சிஜனுக்காகக் காற்றைக் குளிர்வித்துப் பிரிக்கும்போது நியான் உபரியாகக் கிடைக்கும். சோவியத் காலத்து உருக்காலைகளின் மிச்சமாக, அதைச் சுத்திகரிக்கும் தொழில் உக்ரைனின் ஒடெசாவிலும் மரியுபோலிலும் நிலைத்துவிட்டது. சிப் தயாரிப்புக்கான நியானில் ஏறத்தாழ பாதி அந்த இரு நகரங்களின் இரண்டு நிறுவனங்களிடமிருந்து வந்தது. 2022 ரஷ்யப் படையெடுப்பில் இரண்டும் மூடின. ஆனாலும் சிப் ஆலைகள் நிற்கவில்லை: 2014-இல் கிரிமியா பறிபோனபோது நியான் விலை பல மடங்கு ஏறிய அனுபவத்தில், கையிருப்பு வைக்கவும் வாயுவை மீட்டுப் பயன்படுத்தவும் அவர்கள் பழகியிருந்தார்கள். வாயுவைச் சேமித்து வைக்கலாம். வரி விகிதத்தை அப்படிச் சேமிக்க முடியாது. அதிகபட்சம், வரி வருமுன் சரக்கைக் கப்பலேற்றலாம்.

2025-இல் நாடு நாடாகப் போட்ட அந்த வரிகளுக்கு அடிப்படையாகக் காட்டிய அவசரகாலச் சட்டம் வரி விதிக்கும் அதிகாரத்தை அதிபருக்குத் தரவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2026 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கட்டிய வரி திரும்பக் கிடைத்தாலும், அது போய்ச் சேர்வது சுங்கத்தில் பெயர் பதிந்த இறக்குமதியாளருக்கு. கடையில் 50 டாலர் கூடக் கொடுத்து வாங்கியவரின் பெயர் எந்தச் சுங்கப் படிவத்திலும் இல்லை.