நடவுக்கு முன்னே நிலம், அறுவைக்கு முன்னே கால்

எனக்கு வயசு 61. கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் மூன்றரை ஏக்கர். கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல். மீதி மானாவாரியில் சாமை, கம்பு, துவரை. பதினைந்து வருஷமாக உப்பு உரம் எங்கள் வயலுக்குள் வந்ததில்லை. ஆனால் நாற்பது வருஷம் குனிந்து நட்டு, குந்தியே களையெடுத்த முட்டி ஒருநாள் கைவிட்டுவிட்டது. சாமை விதை வாங்க வெள்ளிமலைக்குப் போய்த் திரும்பியவள், பஸ் படியில் இறங்க முடியாமல் நின்றேன். கண்டக்டர் தம்பிதான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர், "குருத்தெலும்பு சுத்தமா தேய்ஞ்சிபோச்சும்மா, வலது முட்டியை மாத்திடலாம்" என்றார். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவைப் பற்றி அவ்வளவு பயமில்லை. பயம் வேறு. இதே அறுவை செய்துகொண்ட என் நாத்தனார் மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தார். முட்டி சரியாக மடங்கவே இல்லை. எனக்குப் பங்குனியில் தேதி. ஆடிப்பட்டத்துக்கு எழுந்து நிற்பேனா? மாட்டை யார் பார்ப்பது?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி பார்ப்பவர்களும் வீட்டுக்கு வருகிறார்கள். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த பெரியவருக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் என் கவலையைச் சொன்னேன்.

"அறுவைக்கு ஆறு வாரம் இருக்கில்ல, இப்பவே பயிற்சியை ஆரம்பிங்கம்மா."

"நடக்கவே முடியல, இதுல பயிற்சி வேறயாம்மா?"

"நடவுக்கு முன்னாடி நிலத்தை அப்படியே விட்டுடுவீங்களா?"

விடமாட்டோமே. பலதானியம் விதைத்து, பூவெடுத்ததும் மடக்கி உழுது, மண்ணுக்குத் தெம்பு ஏற்றிய பிறகுதானே நாற்று போகும். காலுக்கும் அதே கணக்கு என்று அந்தப் பெண் விளக்கினார். வலிக்கிற காலை நாம் ஊன்றுவதில்லை. அதனால் முன்தொடைத் தசை இளைத்துவிடுகிறது. அறுவை முடிந்த முதல் மாதத்தில் அந்தத் தசை இருக்கிற பலத்திலும் பாதிக்கு மேல் இழந்துவிடும். முன்கூட்டியே பலம் சேர்த்து வைத்தால், இழந்தது போக எழுந்து நிற்க மிச்சம் இருக்கும்.

டாக்டரிடம் கேட்டு, சரி என்றதும் தொடங்கினேன். ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும்:

1. கால் நீட்டிப் படுத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து அதைக் கீழே அழுத்துவது. தொடை இறுகும். ஐந்து எண்ணி விடவேண்டும்.

2. ஒரு காலை மடக்கி, மற்ற காலை மடங்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி ஐந்து எண்ணுவது.

3. குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி உட்கார்ந்த இடத்தை நோக்கி இழுத்து முட்டியை மடக்குவது.

4. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. முதலில் தலையணை போட்டு உயரமாக்கி, கை ஊன்றி எழுந்தேன். நாலாவது வாரம் கை ஊன்றாமல் எழ முடிந்தது.

5. நாற்காலியின் இரு கையையும் ஊன்றி உடம்பை மேலே தூக்குவது. பிறகு வாக்கரில் ஊன்ற கைக்கும் பலம் வேண்டுமே.

6. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. அறுவைக்குப் பிறகு காலில் ரத்தம் உறையாமல் ஓட இது உதவும்.

செய்யும்போது கொஞ்சம் வலித்தால் தவறில்லை. மறுநாளும் வீக்கமும் வலியும் கூடியிருந்தால் அளவைக் குறைக்கவேண்டும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எனக்குச் சர்க்கரை உண்டு. அது ஏறியிருந்தால் அறுவைப் புண்ணில் கிருமி தொற்றும் ஆபத்து கூடும். அதனால் கட்டுக்குள் வந்த பிறகுதான் தேதி உறுதியானது. புகை பிடிக்கிறவர்களும் நிறுத்தினால்தான் புண் சீக்கிரம் ஆறும். அந்த ஆறு வாரத்துக்குள் என் வீட்டுக்காரர் கட்டிலை உயர்த்தினார், உட்கார்ந்து போகிற கக்கூஸ் வைத்தார். வாக்கரில் நடக்கவும் முன்னாலேயே பழகிக்கொண்டேன்.

அறுவைக்கு மறுநாள் வாக்கர் பிடித்து நின்றேன். வலி இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நர்ஸ் "தொடையை இறுக்குங்க" என்றதும் எப்படி என்று கால் அறிந்திருந்தது. ஆறாவது வாரம் கைத்தடியோடு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். ஆடியில் வரப்பில் நின்று சாமை விதைப்பைப் பார்த்தேன்.

உள்ளதைச் சொல்லவேண்டும். முன்பயிற்சி செய்தவர்கள் முதல் சில வாரங்களில் நன்றாக எழுந்து நடமாடுகிறார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் செய்யாதவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அறுவைக்குப் பிறகான பயிற்சியையும் விடக்கூடாது. மாத சம்பளக்காரருக்கு அந்தச் சில வாரம் சின்ன விஷயமாக இருக்கலாம். நமக்கு ஒரு பட்டம் தவறினால் ஒரு வருஷம் போச்சு.

மலைமேல் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எனக்குச் சாமை விதை தந்த வெள்ளிமலை அக்காவுக்கும் முட்டிவலிதான். அறுவைக்குப் பின் பயிற்சிக்காக அடிக்கடி கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏற அவரால் ஆகுமா? முன்னாலேயே கற்றுக்கொண்டால் வீட்டிலேயே தொடரலாம். இப்போது அவரும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகுகிறார். "வலி கொஞ்சம் மட்டுப்பட்டுச்சி, அறுவையைத் தள்ளிப்போடலாம்னு டாக்டர் சொல்றாரு" என்று போனில் சொன்னார். சிலருக்கு அப்படியும் ஆகும்.

இனி நான் குந்த முடியாது. அதனால் சாமையை வரிசையில் விதைத்து, நின்றபடி தள்ளுகிற சைக்கிள் களைவெட்டியில் களையெடுக்கிறேன். பால் கறக்க முக்காலி. வேலை நிற்கவில்லை, செய்கிற விதம்தான் மாறியிருக்கிறது.

முட்டிவலியோடு வரப்பில் நிற்கும் சொந்தங்களே, அறுவைக்குத் தேதி வாங்கியிருந்தால் அதுவரை சும்மா படுத்திருக்காதீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "முன்னாடியே என்ன பயிற்சி பண்ணணும்?" என்று கேளுங்கள். நான் கேட்டது தற்செயலாகத்தான். நீங்கள் நினைவாகக் கேளுங்கள்.