உங்களுக்குத் தெரியுமா? ரெண்டு நெட்டை ஒண்ணாக்கினால்…

● 100 எம்பிபிஎஸ் ஃபைபரையும் 50 எம்பிபிஎஸ் 4ஜி சிம்மையும் ஒரே ரவுட்டரில் செருகினால் 150 கிடைக்காது. கடையில் வாங்கும் ‘டூயல் வான்’ ரவுட்டர்களில் பெரும்பாலானவை செய்வது லோடு பேலன்சிங் மட்டுமே. டிவிக்கு ஒரு வழி, லேப்டாப்புக்கு வேறு வழி. ஒரு ஃபைலை டவுன்லோடு செய்தால் அது ஏதாவது ஒரு வழியில்தான் வரும்.

● நிஜமாகவே சேர்க்க வேண்டுமென்றால் (இதற்குப் பெயர் பாண்டிங்) மறுமுனையிலும் ஒரு சர்வர் வேண்டும். பாக்கெட்டுகள் இரண்டு வழியிலும் பிரிந்து போகும்போது ஃபைபரில் போனது முந்திக்கொள்ளும், சிம்மில் போனது பிந்தும். வரிசை எண்ணைப் பார்த்து அவற்றை மறுபடி அடுக்குவது அந்த சர்வரின் வேலை. ஸ்பீடிஃபை போன்ற செயலிகள் சந்தா கேட்பதில் இந்த சர்வர் செலவும் அடக்கம். ஒரு லைன் ரொம்ப மந்தமாக இருந்தால், வேகமானது அதற்காகக் காத்துக் கிடக்கும். சேர்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்!

● இது புது வித்தை அல்ல. ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் போன் லைன்) காலத்திலேயே 64 கேபிபிஎஸ் சேனல் இரண்டைச் சேர்த்து 128 ஆக்கினார்கள். அதற்கான மல்டிலிங்க் பிபிபி விதிமுறை 1994-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் 98-இல் இரண்டு மோடம், இரண்டு போன் லைன் வைத்தும் இதைச் செய்ய முடிந்தது. டெலிபோன் பில்லும் இரண்டு!

● 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது தன் குரல் உதவியாளரான ‘சிரி’க்கு, ஒரே இணைப்பைப் பல வழிகளில் கொண்டுபோகும் மல்டிபாத் டிசிபி கொடுத்தது ஆப்பிள். வேகத்துக்காக அல்ல, பேசிக்கொண்டே வாசலைத் தாண்டும்போது வைஃபை விட்டுப்போனாலும் செல்போன் டேட்டாவில் பேச்சு தொடர வேண்டும் என்பதற்காக. லினக்ஸ் கெர்னலில் இது சேர்ந்தது 2020-இல், 5.6 பதிப்பில்.

● டிவி நிருபர்கள் முதுகில் மாட்டியிருக்கும் பையைக் கவனித்திருக்கிறீர்களா? வெவ்வேறு கம்பெனி சிம்களை வரிசையாகச் செருகிய பாண்டிங் பெட்டி அதில் இருக்கும். கூட்ட நெரிசலில் ஒரு டவர் திணறினால் மற்றது கைகொடுக்கும். எல்லா சிம்மும் ஒரே கம்பெனி என்றால் எல்லாம் சேர்ந்தே திணறும். வீட்டிலும் அப்படித்தான்: இரண்டு கம்பெனி ஃபைபரும் ஒரே கம்பத்தில் வந்தால், இரண்டையும் சாய்க்க ஒரு லாரி போதும்.