பழவேற்காட்டில் புதர் மூடிய கெல்டிரியா கோட்டை

பழவேற்காடு ஏரியின் மீனவ ஊர்களுக்குச் செல்வோர் பார்க்க வேண்டிய கெல்டிரியா கோட்டை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக வைத்திருந்த அரணாகும். போர்த்துகீசியர் தாக்குதலுக்கு அஞ்சி எழுப்பப்பட்ட இதன் காவலில், உள்நாட்டில் நெய்த துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறின; அவற்றை விற்றே அங்கு மிளகும் கிராம்பும் வாங்கப்பட்டன.

ஆங்கிலேயர் 1806-இல் தகர்த்த இக்கோட்டையில், சுற்றிலும் வெட்டப்பட்ட நீர்ப்பள்ளமான அகழியின் தடமும், முட்புதர் மண்டிய மேடுமே இன்று எஞ்சியுள்ளன. தொல்லியல் துறை காக்கும் அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்திலோ, வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களும், கல்லில் ஆழமாகச் செதுக்கிய குலச்சின்னங்களும் சிதையாமல் நிற்கின்றன. அந்த அக்கறையில் ஒரு பங்கேனும் கோட்டை மேட்டுக்கும் கிடைத்தாக வேண்டும்.