உங்களுக்குத் தெரியுமா? நாய்ப் பொம்மையோடு வந்த பந்தயக் கார்

1994 பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் வால்வோ களமிறக்கியது 850 எஸ்டேட்டை. பெட்டி படுக்கையெல்லாம் பின்னால் அடுக்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்குப் போவார்களே, அதே நீளக் கார்தான்! ஓட்டியவர்கள் ரிக்கார்ட் ரைடெல், யான் லாமர்ஸ். கேலி செய்தவர்களைச் சீண்ட, அணிவகுப்புச் சுற்று ஒன்றில் பின்கண்ணாடி வழியே தெரியும்படி பெரிய நாய்ப் பொம்மையை உட்காரவைத்து வலம் வந்தார்கள். குறும்பில் முதலிடம், பந்தயத்தில் ஒரு வெற்றிகூட இல்லை.

பட்டம் ஆல்ஃபா ரோமியோ 155 ஓட்டிய இத்தாலியர் கேப்ரியேலே தர்குவினிக்கு. காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க அதில் பொருத்தியிருந்த இறக்கை பற்றி மற்ற அணிகள் புகார் சொல்ல, அவுல்டன் பார்க் சுற்றிலிருந்து ஆல்ஃபா கோபித்துக்கொண்டு கிளம்பியதும் உண்டு. 1995இல் இறக்கைக்கு எல்லோருக்கும் அனுமதி கிடைத்தது. அது நீளக் கூரை எஸ்டேட்டுக்கு ஒத்துவராததால், அதை ஓரங்கட்டிவிட்டு வால்வோ செடானுக்கு மாறியது.