சீட்டு ஒன்றாயிற்று, வழி ஒன்றாயிற்றா?

சென்ட்ரல் என்பர், பூங்கா என்பர், பூங்கா நகர் என்பர். மூன்றும் மூன்று நிலையங்கள். உரக்கக் கூப்பிட்டால் கேட்குமளவு அருகருகே இருப்பவை. ஆனால், ஒன்றில் இறங்கியவர் மற்றொன்றில் ஏற, மூட்டையைத் தலையில் ஏற்றி, படி இறங்கி, படி ஏறி, நெரிசலில் நீந்தவேண்டும். சென்னையின் நடுநாயகமான இடத்தில் ஏன் இந்தப் பிளவு?

வரலாறு விடை கூறும். 1873-ல் எழுந்த சென்ட்ரல், சென்னை இரயில்வே கம்பெனி கட்டியது. 1908-ல் எழுந்த எழும்பூர், தென்னிந்திய இரயில்வே கம்பெனி கட்டியது. முன்னது அகலப்பாதை; பின்னது மீட்டர் பாதை. பூங்கா நிலையம் வழியே ஓடியதும் அந்த மீட்டர் பாதைதான். இலாபம் தேடிய இரு வணிகர்கள்! தன் கடைக்கு வந்தவருக்கு அடுத்த கடையின் வழியைக் காட்ட யாருக்கு என்ன அவசரம்?

கம்பெனிகள் போயின. 1951-ல் தெற்கு இரயில்வே பிறந்தது. சென்னையில் மீட்டர் பாதையும் மறைந்தது. கம்பெனி காலத்துப் பிளவு மறைந்ததா? இல்லை, வளர்ந்திருக்கிறது!

1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்குப் பறக்கும் இரயில் வந்தது. 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது. அங்கிருந்து பரங்கிமலை ஐந்தே கிலோமீட்டர். பதினாறு ஆண்டுகள் உருண்டு, 2023 முடிந்தபோதும் அந்த ஐந்தை வண்டி கடக்கவில்லை! அதே ஆண்டு டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தார்கள். பெரிய முனையம், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஓடும் இரயில் நின்று செல்ல, திறந்த அன்று அங்கே நிலையம் இல்லை. பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலைக்கு ஆள் அனுப்பிய கதை!

நல்லதும் நடந்திருக்கிறது. 2018-ல் மெட்ரோ, சென்ட்ரலையும் எழும்பூரையும் பூமிக்கடியில் ஒரே தடத்தில் கோத்தது. 2025-ல் பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில் மூன்றுக்கும் கைப்பேசியில் ஒரே பயணச்சீட்டு வந்தது. வரவேற்கிறோம். சீட்டு ஒன்றானபின், கால் நடக்கும் வழியும் ஒன்றாகவேண்டாமா?

பணம் எங்கே என்பார்கள். நாம் கேட்பது மாளிகை அல்ல! கூரை வேய்ந்த நடைபாதை; பழுதின்றி ஓடும் மின்தூக்கி; நிலைய வாசலிலேயே வந்து நிற்கும் பேருந்து; எந்த வண்டிக்கு எந்தப் பக்கம் என்று தமிழில் பெரிதாக எழுதிய பலகை. இவ்வளவே!

பூங்கா நிலையத்தருகே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. கால் ஒடிந்தவரும் கண் மங்கியவரும் வெளியூர்களிலிருந்து வந்து இறங்கும் இடம் அது. அவர்கள் பிறர் துணையின்றி நடக்கக்கூடிய வழியே வழி. மற்றவை வரைபடத்தில் இழுத்த வெறும் கோடு!

திட்டம் தீட்டுவோரை வேண்டுகிறோம்: அளவுகோலைக் கையில் எடுக்குமுன், அந்தப் படிகளில் சுமையோடு ஒருமுறை ஏறிப் பாருங்கள். எதை முதலில் கட்டவேண்டும் என்பதை உங்கள் முழங்காலே சொல்லும்!